திரும்ப அழைக்கப்பட்ட வண்டி

1

இன்றோடு அவர் ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. காலண்டரில் நான் வட்டம் ஒன்றும் போட்டு வைக்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, ஒரு பெரியவரின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் தேதியைப் பார்த்தேன். இன்றைக்குத்தானா என்று நினைத்தேன். அவருக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வருஷம் என்பது வெறும் கணக்கு இல்லை. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி அட்டை வாங்கியவர், முன்கூட்டியே சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அந்த அட்டை செல்லாது. மறுபடியும் வரவேண்டுமானால் வரிசையின் கடைசியில் போய்ப் புது ஆளாக நிற்க வேண்டும். அவர் நிற்க மாட்டார். கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா?

அவர் என்றால் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் ஏலாக்குறிச்சிப் பக்கம் சொல்வார்கள். இங்கே வந்து ஆபீஸ் ஆபீஸாக அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துக் கொடுத்து எனக்கு அந்தப் பயம் விட்டுப்போயிற்று. ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள். சண்டையா, குடியா, இன்னொருத்தியா? ஒன்றும் இல்லை. ஒரு வண்டி விட்ட புகைதான் காரணம். சொன்னால் சிரிப்பீர்கள் என்று இத்தனை நாள் யாருக்கும் எழுதவில்லை.

2

அரியலூரில் அவருக்கு ஒரு லாரி இருந்தது. குவாரியிலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற லாரி. அவரும் அவர் தம்பி அந்தோணியும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அந்த ரோட்டோரத்து வேப்ப மரங்கள் வெள்ளையாக நிற்கும். ஆலைத் தூசி வெள்ளை, லாரிப் புகை கறுப்பு. துவைத்துப் போட்ட துணி எந்த நிறத்தில் காயும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

எங்கள் பக்கத்து லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வந்தால் முதலில் பெரம்பலூருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே டிரங்க் ரோட்டு ஓரத்தில் பம்ப் மெக்கானிக்குகள் இருப்பார்கள். டீசல் பம்பில் ஒரு ஸ்குரூ உண்டு, எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று அதில்தான் அளவு வைப்பார்கள். யாரும் தொடக்கூடாது என்று கம்பெனியில் அதைக் கம்பியால் கட்டி ஈயச் சீல் வைத்து அனுப்புவார்கள். மெக்கானிக் கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்து வண்டி முதலாளி கையில் கொடுப்பார். முதலாளிதான் கம்பியை அறுக்க வேண்டும். பிறகு மெக்கானிக் ஸ்குரூவைத் திருகி அளவைக் கூட்டி விடுவார். எஞ்சினை முடுக்கினால் குப்பென்று கரும்புகை மேலே போகும். நிற்கிறவர்கள் எல்லோருக்கும் பூந்தி கொடுப்பார்கள். அதன் பிறகுதான் ஏலாக்குறிச்சி மாதா கோயில், சாமியார், தீர்த்தம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். எங்கள் பக்கத்தில் சீல் என்பது தேங்காயைப் போல. உடைப்பதற்குத்தான் வைக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

கல்யாணமான புதிதில் நானும் அந்தச் சடங்குக்குப் போயிருந்தேன். முதல் புகை என் பட்டுப் புடவையின் மேல் வந்து இறங்கியது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டார்.

“அடுப்பு பொகஞ்சாத்தான் வூட்ல சோறு, மேரி. பொகயாத லாரிக்கு எவன் லோடு குடுப்பான்?”

“பொடவ போச்சுங்களே.”

“பொடவ என்னா பொடவ, வேற எடுத்துக்கலாம்” என்றார். எடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அடுத்த கிறிஸ்மஸுக்கு.

3

நான் திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு படித்தவள். எழுபதுகளில் அமெரிக்காவில் நர்ஸ் பஞ்சம். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, நானும் கிளம்பினேன். சில வருஷம் கழித்து, லாரியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார். மலை அடிவாரத்தில் விவசாய ஊர் இது. பனிக்காலத்தில் பனி இறங்கினால் எதிர்வீடு தெரியாது.

வந்த புதிதில் அவருக்கு முதியோர் விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. ஒத்துவரவில்லை. ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். தெருவில் போகிற லாரியைத் திரும்பிப் பார்க்காமலே, “கியர் மாத்தத் தெரியாதவன் ஓட்டறான்” என்பார். கோயிலில் யாராவது அவரிடம் என்ன வேலை என்று கேட்டால் நான் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லுவேன். எல்லோருக்கும் அவர் மேரியின் கணவர். ‘நர்ஸ் புருஷன்’ என்று ஊரில் கேலி பண்ணுவார்களே, அதையே இங்கே மரியாதையாகச் சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதுதான் கைமாறி வந்த ஒரு டீசல் பிக்கப் வண்டி வாங்கினோம். முன்னால் ஆட்கள் உட்கார்ந்துகொள்ள, பின்னால் திறந்த தொட்டி. நம் ஊர் மினி லாரி மாதிரிதான், ஆனால் மாப்பிள்ளை மாதிரி பளபளப்பு. கொக்கி மாட்டி டிரெய்லரும் இழுக்கும். எஞ்சின் உறுமியதும் அவர் பானட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இங்கத்துச் சாமியாரைக் கெஞ்சிக் கூட்டி வந்து தீர்த்தம் தெளித்தோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது ஸ்டெல்லா யார் வீட்டுப் பிள்ளையோ போல மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

பக்கத்தில் ஒரு பஞ்சாபிப் பெரியவருக்குப் பண்ணை இருந்தது. அவர் பயிரிட்ட குதிரைமசால் தீவனக் கட்டுகளை டிரெய்லரில் ஏற்றி, மேட்டுப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. பெரியவர் அவரை ‘முத்துஜி’ என்று கூப்பிட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவே, “முத்துஜிங்கறாருடி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

4

அந்த வண்டியைச் செய்த கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அந்த வருஷம் செய்த அந்த ரக வண்டிகள் எல்லாமே சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் நச்சுப் புகை விடுகின்றனவாம். ஆகவே திரும்ப அழைக்கிறோம், டீலரிடம் கொண்டுவந்து விடுங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று எழுதியிருந்தது. சரிசெய்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு வண்டியின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. எனக்கு இது பெரிதாகப் படவில்லை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், ஒரு தொகுதி மருந்தில் பிழை என்றால் கம்பெனி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “யாரு புகார் குடுத்தது?” என்பதுதான். நம் ஊரில் யாரும் புகார் கொடுக்காமல் அப்படி ஒரு கடிதம் வருமா?

“யாரும் குடுக்கலப்பா. எல்லாருக்கும் வந்திருக்கு” என்றாள் ஸ்டெல்லா.

“இந்த வண்டியில எங்க பொக? நான் பாத்ததே இல்லியே.”

“கண்ணுக்குத் தெரியாத பொகதான்பா கெட்டது. ஸ்கூல்ல சொன்னாங்க.”

அவர் சிரித்தார். “அரியலூருப் பொகயில பொறந்தவடி நீ” என்றார். அவள் சிரிக்கவில்லை.

வண்டியைக் கொண்டுபோய் விட்டோம். புதிதாக ஒரு வால்வு வைத்து, பம்பில் டீசல் அளவைக் குறைத்து, சீல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வண்டி இழுக்கவில்லை. வெறும் வண்டியாகப் போனால் தெரியாது. டிரெய்லரில் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். டீசலும் முன்னைவிட அதிகம் குடித்தது.

டீலரிடம் திரும்பத் திரும்பப் போனோம். சர்வீஸ் மேலாளர் நல்ல மாதிரி மனுஷர், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஒவ்வொரு தடவையும் மெஷினில் சோதித்து, “எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது” என்றார். ஒருநாள் அங்கே தொப்பி போட்ட வெள்ளைக்கார விவசாயி ஒருவர், தன் வண்டியும் இழுக்கவில்லை என்று மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். நமக்கு மட்டும் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. “அவனுக்கு நெலம் இருக்கு. எனக்கு வண்டி மட்டுந்தான் இருக்கு” என்றார் இவர்.

பஞ்சாபிப் பெரியவர் மேட்டு லோடுகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, சமவெளி லோடுகளை மட்டும் இவருக்கு வைத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, மாடு பசியோடு காத்திருக்குமா? இவர் மத்தியானமே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நாற்காலி மறுபடியும் ஜன்னலுக்கு வந்தது.

5

ஒரு சனிக்கிழமை காலை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பானட்டைத் திறந்து, குறட்டை எடுத்து, சீல் கம்பியை அறுத்தார். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஸ்குரூவைத் திருகிவிட்டு எஞ்சினை முடுக்கினார். குப்பென்று கரும்புகை கிளம்பியது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

“மேரி, இங்க வந்து பாரு” என்று கத்தினார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. நான் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தேன். அன்று சாயங்காலமே பெரியவரிடம் சொல்லி மேட்டு லோடு ஒன்றைத் திரும்ப வாங்கி வந்தார். வண்டி இழுத்தது. சில வாரம் நன்றாகப் போயிற்று.

பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஆய்வு நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என் இங்கிலீஷ் ஆஸ்பத்திரி இங்கிலீஷ். அதனால் மொழிபெயர்க்க ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஆய்வாளர் அத்தாட்சியை வாங்கிப் பார்த்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். நிமிர்ந்து, இந்தச் சீலை யார் அறுத்தது என்று கேட்டார். ஸ்டெல்லா அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. எஞ்சின் தெரிந்த ஒரு மனுஷன் கடைசியில் வந்து கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

“நான்தான் அறுத்தேன்னு சொல்லு பாப்பா. கம்பெனிக்காரன் தப்பா வச்சிருந்தான், நான் சரி பண்ணிட்டேன்னு சொல்லு.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பெரம்பலூர் மெக்கானிக்குகள் தோளில் தட்டுவார்களே, அதற்குக் காத்திருப்பவர் போல நின்றார். ஸ்டெல்லா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு விதி தெரியாது என்று தானாகவும் ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

கூச்சல் இல்லை, போலீஸ் இல்லை. ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார். சீல் வைத்த சாதனத்தைச் சேதப்படுத்தியிருப்பதால் பதிவு கிடையாது. மறுபடியும் டீலரிடம் அளவு வைத்துச் சீல் போடும்வரை வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. வீட்டுக்குக்கூட ஓட்டிக்கொண்டு வர முடியவில்லை. பஞ்சாபிப் பெரியவர் தன் லாரியைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு இழுத்து வந்து விட்டார். எங்கள் தெரு முழுக்கப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா கேட்டாள். “நான் பொய் சொல்லியிருக்கணுமாப்பா?”

“இல்ல கண்ணு. நான் சொல்லச் சொன்னதத்தான நீ சொன்ன” என்றார்.

அவர் அவளைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு எதையும் மொழிபெயர்க்கச் சொல்லி அவளைக் கூப்பிடவில்லை. டெலிபோன் அடித்தால் எடுக்காமல் எழுந்து வெளியே போய்விடுவார். அவளும் மெல்லத் தமிழை விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். என்னிடம்தான் அது. அவரிடம் பதிலும் இல்லை, கேள்வியும் இல்லை.

6

சீல் போட்டுவிட்டுச் சமவெளி லோடையாவது அடியுங்கள் என்று நான் சொன்னேன். “இழுக்காத வண்டிய வச்சிக்கிட்டு என்னா பண்ணச் சொல்ற, பூ வச்சி கும்புடவா?” என்றார். கொஞ்ச நாளில் அந்தோணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, லாரிக்கு நல்ல டிரைவர் கிடைக்கவில்லை என்று. ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மாசம் அறுவடையாயிற்று, அறுவடை கிறிஸ்மஸாயிற்று, கிறிஸ்மஸ் தவக்காலமாயிற்று. தள்ளிப்போடுகிறவருக்குக் காரணத்துக்கா பஞ்சம்? வண்டியைப் பஞ்சாபிப் பெரியவரே வாங்கிக்கொண்டார். சீல் போட்டு, பண்ணைக்குள் காய்கறிப் பெட்டி ஏற்ற வைத்திருக்கிறார். புகையே இல்லாமல் சாதுவாக ஓடுகிறது.

எப்படி இருக்கிறாய் என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்கிறேன். பொய் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கன்னம் போல இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது.

7

பத்தாவது மாசம் லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிவரப் போனேன். ஸ்டெல்லா வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நீச்சல் போட்டி என்றாள். அரியலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே இருமல் பிடித்துக்கொண்டது.

குவாரி ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கறுத்திருந்தார், சதை போட்டிருந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த டிரைவர் பையன்கள் அவரைப் பார்த்ததும் எழுந்தார்கள். “சவரியண்ணன் வூட்டுக்காரம்மா அமெரிக்காவுலேர்ந்து வந்துருக்காங்க” என்று ஒருவன் உள்ளே குரல் கொடுத்தான். எத்தனை வருஷம் கழித்து நான் அவருடைய மனைவியானேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அந்தோணி என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்தோணியின் நெஞ்சில் மூச்சு விசிலடிப்பது எனக்குக் கேட்டது.

“என்னா தம்பி இது? எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீங்களா?”

“தூசிதாண்ணி. இந்த ரோட்டுல யாருக்கு இல்ல?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் அந்த ரோட்டோரத்தில் நின்றேன். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பைக் கக்கிக்கொண்டு போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குள்ளேயே நடந்து போனார்கள். கம்பெனிக் கடிதம் சரி. ஆய்வாளர் சரி. ஸ்டெல்லாவும் சரி. இதில் யாரைக் குறை சொல்வது என்று தேடிப் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் சரியாக இருந்ததில் எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள் போய்விட்டார்.

டீக்கடை பெஞ்சில் வைத்து அவரிடம் கேட்டேன். “வர்றீங்களா? இன்னும் ரெண்டு மாசந்தான். அப்பறம் கார்டு செல்லாதுங்க.”

“அங்க வந்து?”

“வேற வண்டி வாங்கலாம்.”

“அதுலயும் சீல் இருக்கும்.”

டீ டம்ளரைக் கையில் வைத்துச் சுழற்றினார். பிறகு கேட்டார். “பாப்பா எதுனா சொல்லி அனுப்புச்சா?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

“இங்கிலீசுலகூடவா?”

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் டீக்குக் காசு கொடுக்க எழுந்துபோனார்.

மெட்ராஸ் பஸ் பிடிக்க என்னைப் பெரம்பலூருக்கு லாரியிலேயே கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க எஞ்சின் சத்தம், பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பெட்டியைத் தானே பஸ் மேலே ஏற்றிக் கட்டினார். எனக்கு ஜன்னலோர சீட் பார்த்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். கண்டக்டர் தெரிந்தவர்.

“நம்ம வூட்டுக்காரம்மாதான். பத்தரமா எறக்கி வுட்ருங்க” என்றார் அவரிடம்.

“அதுக்கென்னாண்ணே, பாத்துக்கறேன். எப்ப ஊருக்குத் திரும்பறாங்க?”

“இல்ல, இப்பத்தான் அவங்க ஊருக்குப் போறாங்க.”

கோபத்தில் சொல்லியிருந்தால் ஜன்னல் வழியாகவே சண்டை போட்டிருப்பேன். வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோல, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். இல்லை, எனக்கும் இதுதான் ஊர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.